பாட்டிலுக்குள் ஒரு நத்தை: மே டோனஹூவின் கதை

தெப்ராவில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சமையலறை அலமாரியில் ஒரு கிச்சாப் பாட்டில் பல மாதங்கள் திறக்கப்படாமலேயே இருந்தது. கடைக்காரர் சும்மா கொடுத்தது அது. அம்மா அதைத் தொடவே இல்லை.

நான் அப்போது படிவம் 4. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கிச்சாப் கோழி சமைத்துக்கொண்டிருந்தார். பாட்டிலின் அடியில் இருந்த கொஞ்சம் கிச்சாப் இறங்க மறுத்தது. அம்மா உலுக்கினார். வாய்ப்பகுதியில் ஒரு வால் எட்டிப் பார்த்தது. பல்லி! ஏறக்குறைய மூன்று வாரமாக அந்தப் பாட்டிலைத்தான் பயன்படுத்தி வந்தோம். ஆறு வயதுத் தம்பி முதல் நாள் இரவிலிருந்தே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

அப்பா பாட்டிலை எடுத்துக்கொண்டு மளிகைக் கடைக்கு நடந்தார். கடைக்காரர் நல்ல மனிதர். பதறிப்போனார், மன்னிப்புக் கேட்டார், புதுப் பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்தார். பழையதைக் கடைக்குப் பின்னால் இருந்த குப்பைத் தொட்டியில் வீசினார். அப்பாவுக்கு மனநிறைவு. சண்டை சச்சரவு இல்லாமல் காரியம் முடிந்துவிட்டதல்லவா?

அன்று மாலை தம்பிக்கு நாக்கு வறண்டு கண் செருகியது. மருத்துவமனையில் இரண்டு இரவுகள். என்ன சாப்பிட்டான் என்று மருத்துவர் கேட்டார். சொன்னோம். அந்தப் பாட்டில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. அதற்குள் குப்பை லாரி வந்து போயிருந்தது. நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் அப்பாவுக்கு இரண்டு நாள் சம்பளம் போயிற்று. பிறகு தயாரிப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தபோது, லேபிளில் இருக்கும் தயாரிப்பு எண்ணைக் கேட்டார்களாம். லேபிள் பாட்டிலோடு போய்விட்டிருந்தது.

பல்லி விழுந்த சாப்பாடு விஷம் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. ஆனால் அதன் உடலிலும் எச்சத்திலும் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கக்கூடும். அது வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். தம்பியைப் படுக்க வைத்தது அந்தப் பல்லிதானா? இன்றுவரை எங்களால் சொல்ல முடியாது. பாட்டிலைத் தூக்கி எறிந்தபோதே அந்தக் கேள்விக்கான பதிலையும் சேர்த்து எறிந்துவிட்டோம்.

சில ஆண்டுகள் கழித்துச் சட்டக் கல்லூரியில் சேர்ந்தேன். கவனக்குறைவு பற்றிய சட்டப் பாடம் தொடங்கியதும் விரிவுரையாளர் முதலில் எடுத்துக்கொண்ட வழக்கில் இருந்தது ஒரு பாட்டில், அதற்குள் ஒரு செத்த நத்தை. வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் தேடிப் படித்தது தீர்ப்பை விட அந்தப் பெண்ணைப் பற்றித்தான். உலகம் முழுவதும் சட்ட மாணவர்கள் அவர் பெயரை மனப்பாடம் செய்கிறார்கள். அவர் வாழ்க்கையைக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

மே மெக்காலிஸ்டர் 1898 ஜூலை 4ஆம் தேதி ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவை ஒட்டிய கேம்பஸ்லாங் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் எஃகு ஆலைத் தொழிலாளி. அந்தக் காலத்துக் கிளாஸ்கோவில் கப்பல் கட்டுவோரும் இரும்பு உருக்குவோரும் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். நம் தோட்டத்து லயங்களை நினைத்துக்கொண்டால் அந்த நெரிசல் புரியும். அங்கே குளிர் வேறு.

1916 பிப்ரவரியில், 17 வயதில், ஹென்றி டோனஹூ என்பவரை மணந்தார். உங்களில் பலரின் வயது. நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களில் மூவர் குறைமாதக் குழந்தைகள். ஒன்றுகூட இரண்டு வாரத்தைத் தாண்டவில்லை. மூத்த மகன் ஒருவன் மட்டுமே பிழைத்தான். 1928இல் கணவரைப் பிரிந்து, கிளாஸ்கோவின் கென்ட் தெருவில் தம் சகோதரர் இருந்த அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு கடையில் விற்பனைப் பணிப்பெண்ணாக வேலை பார்த்தார். சட்டப் புத்தகங்களுக்கு அறிமுகமான அந்த மாலைக்கு முன் அவர் வாழ்க்கை இவ்வளவுதான்.

1928 ஆகஸ்ட் 26, ஞாயிற்றுக்கிழமை. மே டிராம் ஏறி, ஏழு மைல் தொலைவில் இருக்கும் பெய்ஸ்லி நகரத்துக்குப் போனார். அங்கே வெல்மெடோ கஃபே என்ற சிற்றுண்டிக் கடை. உடன் இருந்த தோழி, தமக்குப் பேரிக்காயும் ஐஸும், மேக்கு ஐஸ்கிரீமும் ஜிஞ்சர் பீரும் கேட்டார். பெயரில் பீர் இருந்தாலும் அது மது அல்ல, குளிர்பானம். கிளாஸ்கோ பேச்சு வழக்கில் எந்தச் சோடாப் பானத்தையும் ஜிஞ்சர் என்று அழைப்பதுண்டு. ஆகவே அதில் இஞ்சி இருந்ததா என்பதுகூடச் சந்தேகம்தான்!

கடைக்காரர் மிங்கெல்லா பாட்டிலைத் திறந்து, ஐஸ்கிரீம் மேல் கொஞ்சம் ஊற்றினார். மே சாப்பிட்டார், குடித்தார். மீதியைத் தோழி கண்ணாடிக் குவளையில் சாய்த்தபோது, அழுகிய நத்தை ஒன்று மிதந்து வந்தது. பாட்டில் ஒளி ஊடுருவாத கருநிறக் கண்ணாடியால் ஆனது. வெளியிலிருந்து யாராலும் உள்ளே பார்த்திருக்க முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு முழுவதும் இந்தக் கண்ணாடியின் மேல்தான் நிற்கிறது.

மேக்கு வயிறு புரட்டியது. மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 29ஆம் தேதி, மருத்துவரைப் பார்த்தார். செப்டம்பர் 16ஆம் தேதி கிளாஸ்கோ ராயல் மருத்துவமனையில் அவசரச் சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்டார். கடுமையான இரைப்பை-குடல் அழற்சி என்றும் அதிர்ச்சி என்றும் சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் நாங்கள் செய்யாததை மே இங்கே செய்திருந்தார். பாட்டிலில் டி. ஸ்டீவன்சன், கிளென் லேன், பெய்ஸ்லி என்று அச்சிட்டிருந்த பெயர் அவரிடம் இருந்தது. எந்தத் தேதியில் என்ன ஆயிற்று என்ற கணக்கு இருந்தது. மருத்துவரிடம் போனதற்குச் சான்று இருந்தது. நத்தையைப் பார்த்த தோழி இருந்தார். அந்தத் தோழியின் பெயர் மட்டும் வழக்கு ஆவணங்களில் எங்கும் இல்லை. சட்ட வரலாற்றில் இவ்வளவு பெரிய வேலையைச் செய்த பெயரில்லாத வாடிக்கையாளர் வேறு யாரும் இருப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, யார் மேல் வழக்குப் போடுவது? இங்கேதான் சிக்கல். அன்றைய சட்டத்தில் காசு கொடுத்து வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையில்தான் ஒப்பந்தம். காசு கொடுத்தவர் தோழி. குடித்தவர் மே. ஆக, கடைக்காரருக்கும் மேக்கும் இடையே ஒப்பந்தமே இல்லை. கவனக்குறைவு என்று சொல்லலாமா? கடைக்காரர் என்ன செய்வார், பாவம்! மூடி முத்திரையிட்டு வந்த கருநிறப் பாட்டில் அது. தயாரித்தவரோ, மேயை ஒரு நாளும் கண்ணால் கண்டதில்லை. பண்டம் கைமாறி கைமாறிப் போன பிறகு யாரோ ஒருவர் வயிற்றுக்குத் தாம் எப்படிப் பொறுப்பு என்று அவர் கேட்கலாம். அன்றைய சட்டம் பெரும்பாலும் அவர் பக்கம்தான் இருந்தது.

மேயின் வழக்கை எடுத்துக்கொண்டவர் வால்டர் லீச்மன் என்ற கிளாஸ்கோ வழக்கறிஞர். அவர் பிடிவாதக்காரர் என்றுதான் சொல்ல வேண்டும். வேறொரு நிறுவனத்தின் பாட்டிலில் செத்த எலி கிடந்த வழக்கை 1929 மார்ச்சில் எடின்பரோ நீதிமன்றத்தில் அப்போதுதான் தோற்றிருந்தார். தயாரிப்பாளருக்கு அப்படியொரு கடமை இல்லை என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். வேறொருவராக இருந்தால் கையை உதறியிருப்பார். லீச்மன் மூன்று வாரங்கூட ஆறவிடாமல், 1929 ஏப்ரல் 9ஆம் தேதி, மேக்காக ஸ்டீவன்சன் மேல் 500 பவுண்டு இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். பாட்டில்களைக் கழுவி வைக்கும் இடத்துக்கு நத்தைகள் வந்து போகும் என்றும், அங்கே நத்தை ஊர்ந்த பிசுபிசுப்புத் தடங்கள் அடிக்கடி காணப்பட்டன என்றும் மனுவில் எழுதினார். அந்தக் காலத்தில் காலிப் பாட்டில்களைத் திரும்ப வாங்கிக் கழுவி மறுபடி நிரப்புவார்கள். நத்தை உள்ளே போக வழி இருந்தது என்பதே வாதம்.

1930 ஜூனில் மோன்கிரீஃப் பிரபு என்ற நீதிபதி மேக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். ஸ்டீவன்சன் மேல்முறையீடு செய்தார். நவம்பரில் நால்வர் அமர்வில் மூவர் ஸ்டீவன்சன் பக்கம் சாய்ந்தார்கள். எலி வழக்கில் சொன்னதையே திரும்பவும் சொன்னார்கள்.

மேக்கு இனி ஒரே வழி, லண்டனில் இருக்கும் பிரபுக்கள் சபை. அன்றைய பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அதுதான். அங்கே மேல்முறையீடு செய்பவர், தோற்றால் எதிர்த்தரப்பின் செலவுக்காக முன்கூட்டியே பிணைத்தொகை கட்ட வேண்டும். ஒரு கடைப் பணிப்பெண் எங்கே போவார்?

ஏழைகளுக்கு ஒரு விதிவிலக்கு இருந்தது. தாம் ஏழை என்று சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டும். மே செய்தார். உடுத்தியிருக்கும் துணிமணியையும் இந்த வழக்கையும் தவிர, உலகத்தில் தமக்கென்று ஐந்து பவுண்டு மதிப்புக்கூட எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவருடைய தேவாலயப் போதகரும் மூப்பர்கள் இருவரும் அது உண்மை என்று சான்றளித்தார்கள். வழக்கறிஞர்கள் சம்பளம் வாங்காமல் வாதாட முன்வந்தார்கள்.

இந்த இடத்தைப் படித்தபோதுதான் எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. நம் மக்களில் பலர் வழக்கு, புகார் என்றாலே ஒதுங்கிக்கொள்வது கோழைத்தனத்தால் அல்ல; நம்மால் முடியுமா, செலவுக்கு எங்கே போவது என்ற கணக்கால். அந்தக் கணக்கு தவறும் அல்ல. அதே கணக்கு மேயின் முன்னாலும் இருந்தது. ஊரறிய ஏழை என்று எழுதிக் கொடுக்க வேண்டிய வெட்கமும் சேர்ந்து இருந்தது.

1931 டிசம்பர் 10, 11 ஆகிய இரண்டு நாள் வாதம் நடந்தது. தீர்ப்பு வந்தது 1932 மே 26. ஐந்து நீதிபதிகளில் மூவர் மே பக்கம், இருவர் எதிர்ப்பக்கம். ஒருவர் மாறியிருந்தாலும் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு வேலை இருந்திருக்காது.

மூவரில் முக்கியமானவர் அட்கின் பிரபு. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் பிறந்து வேல்ஸில் வளர்ந்தவர். அயலாரை நேசி என்ற பைபிள் போதனையை அவர் எடுத்துக்கொண்டார். சட்டத்தில் அது அயலாருக்குத் தீங்கு செய்யாதே என்று சுருங்குகிறது. அப்படியானால் யார் என் அயலார் என்று கேட்டார். பக்கத்து வீட்டில் இருப்பவர் மட்டுமல்ல. என் செயலால் நேரடியாகப் பாதிக்கப்படுவார் என்று நான் முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்க வேண்டிய ஒவ்வொருவரும் அயலாரே என்பது அவர் கண்ட விடை. வழியில் யாரும் திறந்து பார்க்க முடியாதபடி மூடி அனுப்பும் ஒருவர், கடைசியில் அதைக் குடிப்பவருக்குக் கடமைப்பட்டவர். இதற்கு முன்னோடியாக, 1916இல் சக்கரம் உடைந்த கார் பற்றிய நியூயார்க் தீர்ப்பு ஒன்றும் அவருக்குக் கைகொடுத்தது.

பிரபுக்கள் சபை சொன்னது இவ்வளவுதான்: நத்தை உண்மையில் இருந்தால் ஸ்டீவன்சன் பொறுப்பு. நத்தை இருந்ததா என்பதை இனிமேல்தான் விசாரிக்க வேண்டும். வழக்கு எடின்பரோவுக்குத் திரும்பியது. விசாரணை தொடங்குவதற்குள், 1932 நவம்பரில், ஸ்டீவன்சன் இறந்துபோனார். 1934 டிசம்பரில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. மேக்குக் கிடைத்தது 200 பவுண்டு என்பதே பரவலாகச் சொல்லப்படுவது. உலகப் புகழ்பெற்ற அந்த நத்தை இருந்ததென்று எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவே இல்லை!

ஆனால் அந்த விதி நின்றது. அடுத்த ஆண்டே, அடிலெய்டு நகரத்து மருத்துவர் ஒருவர் கம்பளி உள்ளாடையில் தங்கிப்போன ரசாயனத்தால் தோல் நோய்க்கு ஆளான வழக்கில் இதே விதியின்படி வென்றார். உணவிலிருந்து உடைக்குப் போனது. பிறகு மருந்து, மருத்துவர், கணக்காய்வாளர், சாலை விபத்து என்று விரிந்தது.

நம் நாட்டுக்கு அது எப்படி வந்தது? 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம், அந்த ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி இங்கிலாந்தில் நடப்பில் இருந்த பொதுச் சட்டத்தைத் தீபகற்ப மலேசியாவுக்கும் உரியதாக ஆக்கியது. அந்தக் கதவு வழியாக மேயும் உள்ளே வந்தார். அதன் மேல் நம்மவர்கள் மேலும் கட்டினார்கள். 1983 உணவுச் சட்டம் அசுத்தமான, கலப்படமான உணவை விற்பதைக் குற்றமாக்கியது. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது: குறையுள்ள பொருளால் உங்களுக்குத் தீங்கு நேர்ந்தால், தயாரிப்பாளர் கவனக்குறைவாக இருந்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. லீச்மன் நத்தைத் தடத்தைத் தேடி அலைந்த வேலை மிச்சம். இந்தச் சட்டங்களுக்காகக் குரல் எழுப்பியவர்களில், 1969இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தையும் அதைப் பல பத்தாண்டுகள் வழிநடத்திய எஸ்.எம். முகமது இத்ரிஸையும் நம் மாணவர்கள் தனியே படிக்க வேண்டும்.

சனிக்கிழமைகளில் தெப்ராவில் படிவம் 5 மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். இந்தக் கதையைச் சொன்னால் அவர்கள் முதலில் கேட்பது, பாக்கெட்டில் பூச்சி இருந்தால் என்ன செய்வது என்பதுதான். நான் சொல்வது இது. சாப்பிடுவதை நிறுத்துங்கள். எதையும் கழுவாதீர்கள், எறியாதீர்கள். பூச்சியும் மீதி உணவும் பாக்கெட்டும் இருந்தபடியே இன்னொரு சுத்தமான பையில் போட்டு, கட்டிக் குளிர்பெட்டியில் வையுங்கள். வீட்டில் மற்றவர்கள் எடுத்துவிடாதபடி மேலே எழுதி ஒட்டுங்கள். தயாரிப்பு எண், காலாவதி தேதி, கடை ரசீது ஆகியவற்றைப் படம் எடுங்கள். ரசீதின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும், படம் மங்காது. உடல்நிலை சரியில்லை என்றால் அன்றே மருத்துவரைப் பார்த்து, எதைச் சாப்பிட்டீர்கள் என்பதைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுங்கள். கடைக்காரரிடம் சொல்லலாம், தவறில்லை. ஆனால் பொருளை அவர் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

பணத்தைத் திரும்பப் பெறுவது போன்ற கோரிக்கைகளுக்குப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 5 வெள்ளி கட்டி மனு கொடுக்கலாம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. ஏழை என்று யாரும் சத்தியம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் உடல்நலக் கேட்டுக்கான இழப்பீட்டை அங்கே கேட்க முடியாது. அதற்கு வழக்கமான நீதிமன்றம்தான், மே நடந்த அதே பாதைதான். இதைக் கேட்டதும் வகுப்பில் ஒரு மாணவி, அப்படியானால் வயிற்றுக்குப் பதில் பணத்துக்குத்தான் வழி எளிதா என்றாள். நான் பதில் சொல்லத் தடுமாறினேன்.

மே அதன்பின் கிளாஸ்கோவிலேயே வாழ்ந்தார். 1945இல் மணமுறிவு பெற்று, மெக்காலிஸ்டர் என்ற பிறந்த வீட்டுப் பெயருக்கே திரும்பினார். 1958 மார்ச் 19ஆம் தேதி கார்ட்லாக் மனநல மருத்துவமனையில் மாரடைப்பால் காலமானார். வயது 59. உலகம் பயன்படுத்தும் டோனஹூ என்ற பெயர் அவர் விட்டு விலகிய பெயர்.

அந்த இலவசக் கிச்சாப் பாட்டிலைக் காலாவதி தேதி தாண்டியதும் அம்மா தூக்கிப் போட்டார். தம்பி இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறான். இன்றும் புதுக் கிச்சாப் பாட்டிலைக் கையில் எடுத்தால், திறப்பதற்கு முன் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சாய்த்துப் பார்ப்பான். கறுப்பாகத்தான் தெரியும். பிறகுதான் ஊற்றுவான்.